இருநூறுக்குக் கீழே

ஸ்டெல்லாவின் பெயர் திரையில் சிவப்பாக மாறியபோது காலை மணி பதினொன்று இருபது. ஜெசிந்தா அப்போதுதான் டீ தம்ளரைத் தள்ளி வைத்திருந்தாள். ஐந்து வாரங்களில் அவள் மேஜைக்கு வந்த பன்னிரண்டாவது சிவப்பு அது. அதற்கு முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு வரும். மூன்று வந்துவிட்டால் மையத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

பெயரைத் தொட்டாள். ஸ்டெல்லா, வயது இருபத்தாறு, இருபத்தேழாவது வாரம், ஊர் கடலோரத்தில் வேம்படித்துறை. இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. அதற்குக் கீழே ஒரே வரி: 'துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் இல்லை. இருபது நிமிடம்.'

தாய்க்கச்சைத் திட்டம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆறாம் மாதம் தொடங்கியதும் ஒவ்வொரு கர்ப்பிணியின் வயிற்றிலும் ஒரு கச்சையைக் கட்டிவிடுவார்கள். அதில் பதித்த வில்லைகள் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, தொப்புள்கொடியில் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். படம் எதுவும் காட்டாது. ஆணா பெண்ணா என்று யாரும் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் சட்டம் அதை வீட்டுக்குள் அனுமதித்தது. ஜனங்கள் அதை பெல்ட் என்றே சொன்னார்கள்.

ஜெசிந்தாவுக்கு பெல்ட்டின்மேல் பக்தி மாதிரி ஒன்று இருந்தது. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். 'நேத்து வரைக்கும் உதைச்சுது சிஸ்டர், காலையிலருந்து அசைவே இல்ல' என்று வந்து நிற்கும் பெண்களின் வயிற்றில் கருவியை வைத்துத் தேடித் தேடி, கடைசியில் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்திருக்கிறாள். அந்தத் தலையசைப்பை இனி யாரும் செய்ய வேண்டாம் என்று வந்த கருவி இது.

சிவப்பு விழுந்தால் தொண்ணூறு நிமிடத்துக்குள் அந்தப் பெண் அறுவை மேஜையில் இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு ஸ்கேன் கூடாது, யோசனை கூடாது. இது விதி. அந்தப் பெண்ணையும் வீட்டாரையும் போனில் பேசிச் சம்மதிக்க வைத்து ஆம்புலன்சில் ஏற்றுவது ஜெசிந்தாவின் வேலை. அவள் குரலைக் கேட்டு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

போனை எடுத்தது ஸ்டெல்லாவின் கணவன் கிளாட்ஸ்டன். விசைப்படகில் போகிறவன், அன்று கடலுக்குப் போகாத நாள்.

"நான் தாய்க்கச்சை மையத்துலருந்து சிஸ்டர் ஜெசிந்தா பேசுதேன். பயப்படாதீங்க, ஆனா நேரம் கடத்தக் கூடாது. ஸ்டெல்லாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆம்புலன்ஸ் கிளம்பியாச்சு."

"அவ நல்லாத்தான் இருக்கா சிஸ்டர். இப்பம்தான் மீனு உரசிக்கிட்டு இருந்தா."

"தாய்க்கு ஒண்ணும் தெரியாதுப்பா. பிள்ளைக்குப் போற ரத்தத்துலதான் கோளாறு. பிள்ளையை இப்பம் வெளியில எடுத்துட்டா காப்பாத்திரலாம்."

"ஆறே மாசம்தானே ஆகுது" என்றான்.

"இன்குபேட்டர் இருக்கு. டாக்டர்மாரு இருக்காங்க. உள்ளயே விட்டாத்தான் நம்ம கையில ஒண்ணும் இல்லாமப் போயிரும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பதினொரு பேரிடம் சொல்லியிருந்தாள். பதினொரு பேரும் அதைக் கேட்ட பிறகே எழுந்தார்கள். கிளாட்ஸ்டனும் எழுந்தான்.

பதினொன்று நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் வேம்படித்துறையை விட்டுக் கிளம்பியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பதும் விதிதான். வண்டியின் ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டெல்லா ஒன்றும் பேசவில்லை. அவள் வாய்க்குள் ஜெபம் சொல்வது மட்டும் சன்னமாகக் கேட்டது. பேசாமல் இருக்க முடியாதவன் கிளாட்ஸ்டன்தான்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா. படமே காட்டாத மெஷினு, ரத்தம் ஓடலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கி?"

இதற்கும் ஜெசிந்தாவிடம் பதில் தயாராக இருந்தது. "ரோட்டுல பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டு வரும்லா. நம்மளைப் பாத்து வரும்போது கீச்சுன்னு கேக்கும். தாண்டிப் போன உடனே சத்தம் இறங்கிரும். ஹாரன் ஒண்ணுதான், ஓடுததாலதான் நமக்கு மாறிக் கேக்கு. அதே கதைதான் இதுவும். பெல்ட்டு ஒரு சத்தத்தை உள்ள அனுப்பும். ஓடுத ரத்தத்துல பட்டுத் திரும்பி வரும்போது அது கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கோ அவ்வளவு வேகம்."

"வேகமா ஓடுனா நிறைய மாறும்."

"ஆமா."

"மெதுவா ஓடுனா?"

"கொஞ்சமா மாறும். பிள்ளையோட இதயம் துடிக்கும்போது ரத்தம் வேகமாப் போகும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல மெதுவாப் போகும். ஆனா நிக்கக் கூடாது. ஸ்டெல்லாவுக்கு அந்த நடுவுல நிக்கி."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாமான்கள் குலுங்கின.

"ரொம்ப மெதுவா ஓடுததுக்கும், ஓடாம நிக்கதுக்கும் உங்க மெஷினுக்கு வித்தியாசம் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும். அதுக்குத்தானப்பா மெஷினு."

"இல்ல, எங்க போட்டுல மீன் பாக்க எக்கோ மெஷினு வச்சிருக்கோம். ஸ்கிரீன்ல தூசி தூசியா விழும். அலை, நுரை, எஞ்சின் அதிர்ச்சி, எல்லாம் சேந்து கண்ணு வலிக்கும். ஒரு குமிழைத் திருப்புனா தூசியெல்லாம் போயி பளிச்சுன்னு ஆயிரும். புதுசா வந்தவன் அதைத்தான் முதல்ல செய்வான். ஆனா தூசியோட சேந்து நெத்திலியும் போயிரும். அடியில கூட்டமா நிக்கும். ஸ்கிரீன்ல பாத்தா கடல் காலியா இருக்கும்."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. பயத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கத் தனக்குத் தெரிந்த எதையோ பேசிக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவும் 'ம்' கொட்டினாள். கொட்டியபடி ஸ்டெல்லாவின் வரைபடத்தைப் பார்த்தாள். வரிசையாகக் கூர்மையான மேடுகள், மேடுகளுக்கு நடுவே கறுப்பு. துடைத்து வைத்தது போலக் கறுப்பு.

வண்டி இப்போதுதான் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பெல்ட் வயிற்றில் உரசியிருக்கும். அந்தக் குலுக்கலின் ஒரு புள்ளிகூட இந்தத் திரையில் இல்லை.

முன்பு இப்படி இருக்காது. கர்ப்பிணி இருமினால் தெரியும், பஸ்ஸில் போனால் தெரியும். படத்தின் அடிப்பக்கம் எப்போதும் புகை படிந்த மாதிரி இருக்கும். அந்தப் புகையால் நாளுக்கு இருபது தடவை பொய்யாக மணி அடிக்கும். எரிச்சலில் பெண்கள் பெல்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார்கள். ஐந்து வாரம் முன்பு கம்பெனியிலிருந்து புதிய மென்பொருள் வந்தது. மறுநாளே திரை சுத்தமாகிவிட்டது. 'கண்ணாடி மாதிரி இருக்கு' என்று முதலில் சொன்னது ஜெசிந்தாதான்.

படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஓர் எண் எப்போதும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. விரலால் பெரிதாக்கினாள். 'வடிகட்டி 200 ஹெர்ட்ஸ்.' பழைய பதிவு ஒன்றைத் திறந்தாள். 'வடிகட்டி 60.'

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ரத்தக்குழாயின் சுவரும் ஆடும், வயிறும் ஆடும். அவையெல்லாம் மெதுவான ஆட்டங்கள். ஒலியைக் கொஞ்சமாக மட்டுமே மாற்றும். அதனால் ஓர் எல்லைக்குக் கீழே உள்ள மாற்றத்தையெல்லாம் குப்பை என்று வடிகட்டி எறிந்துவிடும். அந்த எல்லையை அறுபதிலிருந்து இருநூறுக்கு ஏற்றியிருக்கிறார்கள். குப்பை போய்விட்டது. ஆனால் மெதுவாக ஓடும் ரத்தமும் அந்தக் குப்பையோடு ஒரே இடத்தில்தான் கிடக்கும். அதை எறிந்த பிறகு மெதுவானதும் நின்றுபோனதும் திரையில் ஒன்றுதான்.

அவளுக்கு முடிவை மாற்ற அனுமதி இல்லை. கேட்க மட்டும் உண்டு. பெல்ட் அனுப்பும் முழு ஒலியும் தொண்ணூறு நாள் மையத்தில் இருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வடிகட்டி இல்லாமல் திறந்தாள். எஞ்சின் உறுமல், கச்சையின் கரகரப்பு, சைரன். அதற்கு நடுவே பிள்ளையின் துடிப்பு உஷ், உஷ் என்று. இடையில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று அந்த இரைச்சலில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய இருபது நிமிடத்தைத் தேடி எடுத்தாள். ஸ்டெல்லா மீன் உரசிக்கொண்டிருந்த நேரம். அதிலும் கரகரப்பு.

மணி பதினொன்று ஐம்பத்தேழு.

"டிரைவர் அண்ணாச்சி," என்றாள், "வண்டியை ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைங்க. ரெண்டு நிமிஷம்."

"சிவப்புக் கேஸை நடுவழியில நிறுத்துனா எனக்கு வேலை போயிரும் மேடம்."

"நான் சொல்லித்தான் நிறுத்துனீங்கன்னு பதிவாகும். என் நம்பர் ஸ்கிரீன்ல இருக்கு."

"எதுக்கு சிஸ்டர்?" கிளாட்ஸ்டனின் குரல் உடைந்திருந்தது. "பிள்ளைக்கு ஏதும் ஆயிட்டா?"

"ஆகலை. நீங்க சொன்னதைத்தான் பாக்கப் போறேன். நெத்திலி இருக்கான்னு."

வண்டி நின்றது. திருச்செந்தூர் சாலையில் உப்பளங்கள் தொடங்கும் இடம் என்று வரைபடம் காட்டியது. சைரன் அடங்கியது. எஞ்சின் அடங்கியது. ஜெசிந்தா ஸ்டெல்லாவிடம் முதல் முறையாக நேராகப் பேசினாள்.

"ஸ்டெல்லா, இடது பக்கமாச் சாஞ்சு படும்மா. பெல்ட்டைக் கையால லேசா அழுத்திக்கோ. நான் சொல்லும்போது மூச்சைப் பிடிக்கணும். முடியுமா?"

"முடியும் சிஸ்டர்."

"பிடி."

உஷ். உஷ். உஷ். ஜெசிந்தா கண்களை மூடிக்கொண்டாள். துடிப்பு இறங்குகிறது, இறங்குகிறது, அதற்குப் பிறகு மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இருந்தது. ஈரமணலில் தண்ணீர் இழுபடுவது போன்ற மெல்லிய சத்தம். அடுத்த துடிப்பு வந்து அதை மூடியது. மறுபடி இறங்கியது. மறுபடியும் அந்த இழை. தன் ஆசைதான் காதில் கேட்கிறதோ என்று சந்தேகம் வந்தது. ஸ்டெல்லாவை மூச்சுவிடச் சொல்லி, மறுபடி பிடிக்கச் சொல்லி, மேஜையில் விரலால் எண்ணினாள். பதினான்கு துடிப்பு. பதினான்கு இடைவெளியிலும் இருந்தது.

"வண்டியை எடுங்க," என்றாள். நான்கு நிமிடம் போயிருந்தது.

மையத்தின் தலைவர் டாக்டர் ஆவுடையப்பன் அதே மாடியில் கடைசி அறையில் இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஜெசிந்தாவும் சொல்வாள். அவள் ஹெட்போனை நீட்டியபடி மூச்சிரைக்கச் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். ஹெட்போனை மட்டும் வாங்கவில்லை.

"ஒரு தடவை கேளுங்க டாக்டர். அரை நிமிஷம்."

"வேண்டாம் ஜெசிந்தா."

"ஏன் டாக்டர்?"

"நான் கேட்டா, நானும் தெரிஞ்சவன் ஆயிடுவேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "அஞ்சு வாரத்துல இந்த மையத்துல மட்டும் எண்பது சிவப்பு. ஒரு பிள்ளைகூட வயித்துக்குள்ள சாகலை. நாலு வருஷத்துல இப்படி ஒரு காலம் இருந்ததில்லை. இப்ப போய் வடிகட்டி தப்புன்னு சொன்னா, அந்த எண்பதையும் என்னன்னு சொல்றது?"

"இதை நிறுத்தலாம்லா."

"சிவப்பை ரத்து செய்ற அதிகாரம் எனக்கே கிடையாது. கத்தியைப் பிடிக்கிற டாக்டர் மட்டும்தான், தன் கையெழுத்துல நிறுத்தி வைக்கலாம். யாரும் இதுவரை செஞ்சதில்லை."

மணி பன்னிரண்டு பத்து. ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தவர் டாக்டர் ரெஹானா. ஜெசிந்தா அவரைப் பார்த்ததில்லை. போன் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது.

"கையைக் கழுவிக்கிட்டு நிக்கிறேன் சிஸ்டர். ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க."

ஜெசிந்தா சொன்னாள். இருநூறு, அறுபது, நிறுத்திய வண்டி, பதினான்கு துடிப்பு. சொல்லும்போதே எவ்வளவு பலவீனமான விஷயம் இது என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டர் பட்டம் இல்லாத ஒருத்தி, காதில் கேட்டதாக ஒரு சத்தத்தைச் சொல்கிறாள்.

"மெதுவா ஓடுறதும் நல்லது இல்லையே சிஸ்டர்," என்றார் ரெஹானா.

"இல்ல டாக்டர். ஆனா அது காத்திருந்து பாக்கக்கூடிய ஆபத்து. ஆஸ்பத்திரியில படுக்க வச்சு தினமும் பாத்துக்கிட்டா, நாலஞ்சு வாரம் தாக்குப் பிடிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நாலஞ்சு வாரம்கிறது..."

"தெரியும். முன்னாடியெல்லாம் அப்படித்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்." சிறிது நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "சிவப்புக்கு அப்புறம் ஸ்கேன் கூடாதுன்னு விதி எப்ப வந்துச்சுன்னு தெரியுமா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி ஸ்கேன் பாக்கப் போயி, அந்த இருபது நிமிஷத்துல பிள்ளை போயிருச்சு."

"அந்த டாக்டர் நான்தான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம் போல இருந்தது ஜெசிந்தாவுக்கு. வைத்துவிட்டால் எல்லோரும் விதிப்படி நடந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

"நீங்க கேட்டது நிஜம்தானா சிஸ்டர்?"

"நிஜம் டாக்டர்."

"அப்ப போனை வைக்காதீங்க. ஸ்கேன் ரூம் மாடியில இருக்கு. இந்தத் தடவை நான் தனியா இருக்க விரும்பலை."

ஸ்டெல்லாவின் வண்டி பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வந்தது. அடுத்து நடந்தது எல்லாம் ஜெசிந்தாவுக்குச் சத்தங்களாக மட்டுமே தெரியும். தள்ளுவண்டிச் சக்கரம். 'தியேட்டர் இந்தப் பக்கம் டாக்டர்' என்று யாரோ சொல்வது. லிப்ட் கதவு. கிளாட்ஸ்டன் எதையோ திரும்பத் திரும்பக் கேட்பது. மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. நீளமாக ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் தன் நம்பரைச் சொல்லி வண்டியை நிறுத்திய இடத்தை ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். பிள்ளை இப்போது போனால், அதைக் கொன்றது அந்த நான்கு நிமிடமா, ரெஹானாவின் இந்தப் பத்து நிமிடமா என்று கேட்பார்கள். இரண்டும் அவளுடையவைதான்.

"வடிகட்டியைக் குறைச்சிருக்கேன்," என்றது ரெஹானாவின் குரல், மிக அருகில். "கொடி நல்ல கோணத்துல கிடைக்கலை. நேர்க்குறுக்கா இருந்தா ஓடுற ரத்தம்கூட நிக்கிற மாதிரி காட்டும். இருங்க. இப்படிச் சாய்ம்மா."

பிறகு போன் வழியாகவே அந்தச் சத்தம் வந்தது. உஷ். உஷ்.

"இருக்கு," என்றார் ரெஹானா. "ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கு."

ரெஹானா கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லாவை வார்டில் படுக்க வைத்தார்கள். நுரையீரல் முதிர ஊசி போட்டு, தினமும் இரண்டு வேளை பார்த்தார்கள். முதல் வாரம் முழுக்க ஜெசிந்தா தூங்கியும் தூங்காமலும் இருந்தாள். ஒவ்வொரு காலையும் ரெஹானாவிடமிருந்து ஒற்றைச் சொல்லில் செய்தி வரும்: 'இருக்கு.' ஏழு வாரம் அப்படி வந்தது. முப்பத்து நான்காவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், முன்பே குறித்து வைத்த நேரத்தில் குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம். பெண். தானாகவே மூச்சுவிட்டது.

அதற்குள் மையத்தில் பல காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. ஆம்புலன்சை நான்கு நிமிடம் நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஜெசிந்தாவுக்கு ஓலை வந்தது. விசாரணையில் மூன்று பேர் மரியாதையாகப் பேசினார்கள். "இந்தக் குழந்தை அன்னைக்கே எடுத்திருந்தாலும் பிழைச்சிருக்கும்லம்மா?" என்று ஒருவர் கேட்டார். பிழைத்திருக்கலாம். "அப்ப தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" அவளைச் சிவப்பு மேஜையிலிருந்து எடுத்து, பழுதான பெல்ட்டுகளைப் பதிவு செய்யும் பிரிவில் போட்டார்கள். அடுத்து வந்த மென்பொருளில், யாரும் எதுவும் அறிவிக்காமல், மூலையில் இருந்த எண் மறுபடி அறுபது ஆகியிருந்தது. படத்தின் அடிப்பக்கத்தில் புகை திரும்ப வந்தது. சிவப்புகள் ஒரு மேஜைக்கு மாதத்துக்கு இரண்டாகக் குறைந்தன. வயிற்றுக்குள் ஒரு பிள்ளையும் சாகாத காலாண்டு என்று மையத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்து, ஆவுடையப்பனின் அறையில் மாட்டப்பட்டது. வெளியே எடுத்த பிறகு செத்தவை வேறொரு அலுவலகத்தின் பட்டியலில் இருந்தன.

ஜெசிந்தா அந்தப் பதினொரு பதிவுகளையும் மதியச் சாப்பாட்டு நேரங்களில் கேட்டாள். தான் போன் பேசி எழுப்பி அனுப்பிய பதினொரு பெண்கள். ஒவ்வொன்றிலும் பெண் அசையாமல் கிடந்த சில நொடிகளைத் தேடிப் பிடிப்பதற்கே மணிக்கணக்கானது. நான்கில் இடைவெளி உண்மையாகவே மௌனமாக இருந்தது. கேட்டதும் அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்து அவளே வெட்கப்பட்டாள். ஏழில் அந்த இழை இருந்தது. அந்த ஏழு குழந்தைகளில் ஐந்து உயிரோடு இருந்தன. அவற்றில் ஒன்று இன்னும் ஆக்சிஜனில். ஒன்றுக்குக் கண்ணில் பிரச்சினை. இரண்டு இறந்துவிட்டன.

தொண்ணூறு நாள் முடிந்ததும் பதிவுகள் தானாக அழிந்துவிடும். ஸ்டெல்லாவின் குழந்தை பிறக்கும்வரை ஜெசிந்தா எதையும் செய்யத் துணியவில்லை. தன் காது சரி என்று உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. பிறந்த மறுநாள், அந்தப் பதிவுகளைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அது வேலையைப் பறிப்பது மட்டுமல்ல, வழக்கையும் கொண்டுவரும் காரியம்.

முதலில் யாரிடம் போவது என்று யோசித்தாள். இறந்த குழந்தைகளில் ஒன்றின் தாய் முத்துப்பேச்சி, உப்பளத்தில் வேலை பார்ப்பவள். இருபத்தாறாவது வாரத்தில் எடுத்த ஆண் குழந்தை. ஆறு நாள் இருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஜெசிந்தாவிடம் ஒரு காரணம்தான் இருந்தது: மிகவும் பயந்தது அவளிடம்தான்.

பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது முத்துப்பேச்சி அப்போதுதான் அளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பாதத்தில் உப்பு அரித்த வெள்ளை. ஜெசிந்தா பெயரைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன் சிஸ்டர். உள்ள வாங்க. நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல." பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "அன்னைக்கு நீங்க பேசலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன். என் பிள்ளை முகத்தைப் பாத்திருக்கவே மாட்டேன். ஆறு நாளு. அது என் விரலைப் புடிச்சுது சிஸ்டர். சுண்டுவிரலை. உங்க ஆபீசுலருந்து வந்து பேசச் சொல்லிக் கேட்டாவ, போன மாசம் கூட்டத்துல அதைத்தான் சொன்னேன். ஆறு நாளு எனக்குக் குடுத்தாவன்னு."

கூட்டம் நடந்தது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. இப்படியே ஒரு காபி குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். இந்தப் பெண்ணிடம் இருக்கிற ஆறு நாட்களை எடுத்துக்கொள்ள தனக்கு என்ன உரிமை? ஆனால் அடுத்த பிள்ளை என்று வரும்போது இவள் மறுபடி அதே குரலுக்கு எழுந்து ஓடுவாள். உண்மை தெரியாமல்தான் ஓடுவாள்.

"முத்துப்பேச்சி, நான் சொல்றதை முழுசாக் கேளும்மா. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லு."

சொன்னாள். பஸ் ஹாரனையும் எக்கோ மெஷினையும் சொன்னாள். இருநூறைச் சொன்னாள். ஸ்டெல்லாவைச் சொன்னாள். "உன் பிள்ளைக்கு ரத்தம் நிக்கலை. மெதுவாப் போயிட்டு இருந்துச்சு. உள்ளயே இன்னும் சில வாரம் இருந்திருக்கலாம். இருந்திருந்தா பிழைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா அன்னைக்கு எடுத்திருக்க வேண்டாம்."

முத்துப்பேச்சி அழவில்லை. சேலைத் தலைப்பால் காலைத் துடைத்தாள், காய்ந்துபோன காலை.

"என் பிள்ளையோட சத்தம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா ஹெட்போனை அவளிடம் கொடுத்து, அன்று அவள் அசையாமல் கிடந்த எட்டு நொடிகளை ஓடவிட்டாள். முத்துப்பேச்சி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

"பெருசாக் கேக்கது என்னது?"

"இதயம் தள்ளுற ரத்தம்."

"நடுவுல, இழுத்த மாதிரி?"

"அதுதான் எங்களுக்குக் கேக்காமப் போனது."

முத்துப்பேச்சி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே அந்த ஆறு நாளை நான் என்னன்னு நெனைக்கது சிஸ்டர்?" என்றாள்.

வெளியே ஒரு லாரி உப்பு ஏற்றிக்கொண்டு போனது.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

"எனக்குத் தெரிஞ்சு ஏழு. மத்த மேஜையில நிறைய இருக்கும். அதை நான் கேக்க முடியலை. இன்னும் சில நாள்ல ஒவ்வொண்ணா அழிய ஆரம்பிச்சிரும்."

"அவங்ககிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. உன்கிட்டத்தான் முதல்ல வந்தேன்."

முத்துப்பேச்சி எழுந்து சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து வந்தாள். தாய்க்கச்சைத் திட்டத்தின் அழைப்பிதழ். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணி, கல்யாண மண்டபம், மாவட்டத்துக் கர்ப்பிணிகள் ஐந்நூறு பேர். பேசுகிறவர்கள் பட்டியலில் ஆவுடையப்பனின் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது.

"மறுபடியும் என்னையப் பேசக் கூப்பிட்டிருக்காவ," என்றாள். "மைக்கு குடுப்பாவ." ஜெசிந்தாவின் போனை ஒருமுறை பார்த்தாள். "இந்தச் சத்தத்தை மைக்குல வைக்க முடியுமா சிஸ்டர்?"

ஜெசிந்தா அந்த மண்டபத்தை நினைத்துப் பார்த்தாள். மின்விசிறிகள், நாற்காலி இழுபடும் சத்தம், ஐந்நூறு பெண்கள்.

"முடியும்," என்றாள். "ஆனா ரொம்பச் சன்னமாத்தான் கேக்கும். எல்லாரும் சத்தம் காட்டாம இருக்கணும்."

"இருப்பாவ," என்றாள் முத்துப்பேச்சி. "நான் சொல்லுதேன்."